இடது முட்டி வானிலை அறிக்கை

மொத மேகம் கடல் பக்கம் தலை காட்டின அன்னிக்கே நம்ம மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒரு முடிவுக்கு வந்துட்டார். இந்த மழைக்காலம் பூரா மொட்டை மாடிப் படியில காலே வைக்கறதில்லை. தலைகீழா நின்னாலும் சரி.

முடிவு லேசுப்பட்டது இல்லை. படி மொத்தம் அறுபத்து நாலு. வீடு தரைத்தளம், துணி காயற கொடி நாலு மாடிக்கும் மேலே. மனுஷன் கடையில உக்காந்த இடத்துல லென்ஸ் தேய்ச்சுத் தேய்ச்சு, லென்ஸ் மெலிஞ்சுது, இவர் பெருத்தார். போன மழைக்கு ஒரு நாள் துணியை மூணு தடவை ஏத்தி நாலு தடவை இறக்கினார். அந்த நாலாவது தடவை எதை இறக்கினார்னு அவருக்கே தெரியாது.

இந்த வேலை அவர் தலையில விழுந்ததுக்குக் காரணமும் அவர் வாய்தான். கல்யாணமான புதுசுல, பொண்டாட்டி சட்டை காயப்போடறதைப் பாத்து, "இப்படியா போடறது? காலர் கீழே தொங்கணும்மா. துணி காயப்போடறதே ஒரு கலை"ன்னார். அந்தம்மா பக்கெட்டை அவர் கையில குடுத்தாங்க. பதினோரு வருஷமாச்சு, இன்னும் திருப்பி வாங்கலை.

அவர் ஆசைப்பட்டது என்ன, அரண்மனையா? ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி. கையில ஒரு டம்ளர் டீ. வெளியே மழை, உள்ளே அவர். அவ்வளவுதான். அதுக்காக மூணு நாள் கடையிலேயே ஒத்திகை பாத்துட்டு வந்து, சோபாவைப் பிடிச்சுக்கிட்டு முனகினார்.

"என்னங்க ஆச்சு?"

"முட்டிம்மா. மேகம் கூடினாலே சுருக்கு சுருக்குன்னு குத்துது."

"எந்த முட்டி?"

இந்தக் கேள்வி ஒத்திகையில வரலை. "இ... இடது."

"ஐயோ பாவம். நீங்க போய் உக்காருங்க. துணியை நான் பாத்துக்கறேன்."

அவ்வளவுதான்! சண்டை இல்லை, சத்தம் இல்லை. தயாரா வெச்சிருந்த பதிமூணு பதிலும் வாய்க்குள்ளேயே வீணாப் போச்சு. நொண்டி நொண்டி நாற்காலிக்குப் போய் உக்காந்தார்.

விவரமானவனா இருந்தா அங்கேயே பயந்திருப்பான். அந்தம்மா வேலை பாக்கிறது படகுத்துறை டிக்கெட் கவுண்டர்ல. மீசை முளைச்ச பிள்ளையை இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டு அரை டிக்கெட் கேக்கிறவங்களை தினம் நூறு பேர் பாக்கிறவங்க. பொய்யை அவங்க பாக்க வேண்டாம், வாசனையே போதும்.

அன்னிக்கு அதிர்ஷ்டம், அவர் உக்காந்து அரை மணி நேரத்துல கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சு. டீ இருந்துச்சு, நாற்காலி இருந்துச்சு, மழை இருந்துச்சு. சொர்க்கம் ரெண்டே நாள்தான்.

மூணாம் நாள் காலையில கதவைத் தட்டினது ரெண்டாவது மாடித் தையல்கார அக்கா.

"அண்ணே, இன்னிக்கு முட்டி எப்படி?"

"யார் முட்டி?"

"உங்க முட்டிதாண்ணே! குத்துதுன்னு சொன்ன அரை மணியில மழையாமே, அண்ணி சொன்னாங்க. லைனிங் துணி நனைச்சுக் காயப்போடணும். போடட்டுமா வேண்டாமா?"

அவங்க முதுகுக்குப் பின்னாடி மூணாவது மாடி பெயிண்டர் எட்டிப் பாத்தார். "சார், வெளிச்சுவருக்கு ரெண்டாவது கோட் அடிக்கலாமா? முட்டியைக் கேட்டுச் சொல்லுங்க."

இவர் வீட்டம்மா சாக்பீஸோட நின்னாங்க. தண்ணி வராத நேரம் எழுதிப் போடற கரும்பலகையில, மாடிப்படிக்குக் கீழே, பெருசா எழுதியிருந்தாங்க: 'இன்றைய இடது முட்டி'. "சொல்லுங்க. வலிக்குதா, வலிக்கலையா?"

வலிக்கலைன்னா பக்கெட் கைக்கு வந்துடும். "வலிக்குது."

"லேசாவா, பலமாவா?"

"இடி மின்னலோட வலிக்குது."

அன்னிக்கு வெயில் பல்லைக் காட்டிச்சு. மறுநாளும் வலிக்குதுன்னார். மறுநாளும் வெயில். இப்படியே நாலு நாள். பன்னெண்டு வீட்டுத் துணியும் வீட்டுக்குள்ளேயே ஃபேன்ல, ஜன்னல் கம்பியில, டிவி மேல எல்லாம் தொங்கிச்சு. கட்டடமே ஊறப்போட்ட கம்பளி மாதிரி நாறிச்சு.

"நீயாவது மேலே போடேம்மா. வெயில் அடிக்குதே!"

"உங்க முட்டியை நான் நம்பலைன்னா வேற யாருங்க நம்புவாங்க?"ன்னுட்டு அந்தம்மா ஹால்ல குறுக்கே கயிறு கட்டினாங்க. சரியா ஜன்னலோரம். சரியா நாற்காலிக்கு மேலே. டீ குடிக்க உக்காந்தா தலையில போர்வை சொட்டிச்சு. குடிக்கக் குடிக்க டம்ளர் நிரம்பிச்சு. ஈரப் பேன்ட்டோட கடைக்குப் போய் உக்காந்து எழுந்தா, ஸ்டூல்ல ஒரு குட்டித் தீவு.

"சார், உங்க முட்டியால எனக்கு நாலு நாள் வேலை போச்சு"ன்னார் பெயிண்டர்.

"அண்ணே, வேற முட்டி வலிக்குதான்னு பாருங்களேன்"னாங்க தையல்கார அக்கா.

இனிமே சரியாச் சொல்லியே ஆகணும். இல்லேன்னா நாற்காலி போயிடும், மானமும் போயிடும். ஆனா ஜன்னல்ல தெரியறது எதிர்க் கட்டடத்துச் சுவர். கடலும் மேகமும் தெரியணும்னா ஒரே இடம்தான். மொட்டை மாடி.

வீட்டம்மா மொத படகுக்குக் கிளம்பினதும் மனுஷன் செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டுப் பூனை மாதிரி ஏறினார். அறுபத்து நாலு படி. மேகத்தைப் பாத்துட்டு இறங்கினார். குளிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை, காத்து மாறின மாதிரி இருக்கேன்னு இன்னொரு தடவை. அப்புறம் கீழே வந்து, நொண்டிக்கிட்டே, "லேசா வலிக்குது"ன்னார். பேஞ்சுது. மறுநாள் "சாயங்காலம் வலிக்கும்"னார். சாயங்காலம் பேஞ்சுது. முட்டி புகழ் பக்கத்துத் தெரு வரைக்கும் போச்சு. பெல்ட்டுல ரெண்டு ஓட்டை உள்ளே போச்சு. போன வருஷத்தை விட இப்போ ஜாஸ்தி ஏறறோமேன்னு மட்டும் அவருக்குத் தோணவே இல்லை.

ஞாயித்துக்கிழமை. வீட்டம்மாவுக்கு லீவு. போன்ல யார்கூடவோ பேசிக்கிட்டிருந்த நேரமாப் பாத்து இவர் மாடிக்குப் போய் வந்தார். வானம் துடைச்சுவிட்ட லென்ஸ் மாதிரி இருந்துச்சு.

"வலிக்கலை"ன்னார் கம்பீரமா.

"கொஞ்சம் கூடவா? நல்லா மடக்கிப் பாருங்க."

பன்னெண்டு வீட்டுக்காரங்களும் பாக்க, பத்து தடவை உக்காந்து எழுந்தார். கை தட்டினாங்க. அந்தம்மா பலகையில எழுதினாங்க: 'வலி அறவே இல்லை'.

"அப்போ பக்கெட்டு..."ன்னு இவரே பயந்துக்கிட்டே கேட்டார்.

"ச்சே, ச்சே. குணமாகிற நேரத்துல சிரமப்படக் கூடாது. இன்னிக்கும் நானே போடறேன்."

இப்படி ஒரு பொண்டாட்டி எத்தனை பேருக்குக் கிடைக்கும்? கயித்தையும் அவிழ்த்தாச்சு. ரெண்டு மணிக்கு நாற்காலியில சாஞ்சார். மூணு மணிக்கு டீ வந்துச்சு. வாய்கிட்ட கொண்டு போனார். அறை இருட்டிச்சு. ஜன்னல் கதவு படார்னு அடிச்சுது.

"அண்ணே! மாடி பூரா துணிண்ணே!"ன்னு ரெண்டாவது மாடியிலிருந்து குரல்.

"சார்! முட்டியை நம்பித்தான் போட்டோம் சார்!"ன்னு மூணாவது மாடி.

"ஓடுங்க"ன்னாங்க வீட்டம்மா. "பதில் சொல்ல வேண்டியது நீங்கதானே."

"இப்போ வலிக்குதும்மா!"

"மழை வந்தப்புறம் வலிச்சா அதுக்குப் பேர் அறிக்கை இல்லைங்க. சாக்கு."

ஓடினார். ஆறு நடை. முக்குளிச்சு எழுந்த மாதிரி நனைஞ்சார். கடைசி மூட்டையை இறக்கிட்டு உள்ளே வந்தா, பிரம்பு நாற்காலியில வீட்டம்மா. கையில அவர் டீ.

"பாவம்மா, எல்லாருக்கும் நஷ்டம்"னு மூச்சு வாங்கினார். "பெயிண்டர் அடிச்ச சுவரெல்லாம் போயிருக்கும்."

"அவர் பிரஷ்ஷையே நனைக்கலை. பலத்த மழை வருது, மூணு மணிக்கு மேல படகு விடலைன்னு துறையிலிருந்து காலையிலேயே போன் வந்துடுச்சு. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"அப்போ நான் இறக்கினது?"

"தரை துடைக்கிற துணி, கிழிஞ்ச திரை, சாக்கு. அவங்கவங்க பரண்ல தேடித் தேடிப் போட்டாங்க. நாலு நாள் ஈரத்துல இருந்தவங்க, ஆசையாச் செஞ்சாங்க."

மாடிப்படியில யாரோ சிரிப்பை அடக்க முடியாம இருமினாங்க. அந்தம்மா துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டிவிட்டாங்க. அடுப்புல இருந்து சூடா இன்னொரு டம்ளர் டீ வந்துச்சு. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, நாற்காலிக்குப் பக்கத்துல உக்காந்தார். மழை நல்லாத்தான் இருந்துச்சு. ஸ்டூல்லேருந்து பாத்தாலும் அதே மழைதான்.

"சரிம்மா"ன்னார் கடைசியா. "நாளையிலேருந்து பக்கெட்டை நானே எடுத்துக்கறேன். முட்டி சரியாயிடுச்சு."

"தெரியும்ங்க. மொத நாள் இடதுன்னு சொல்லிட்டு வலது காலை நொண்டினீங்க பாருங்க, அப்பவே சரியாத்தான் இருந்துச்சு."