மாமனாரும் கிரீஸ் தடவிய பிளைண்டும்

அசைகிற பொருள் எதைக் கண்டாலும் அதற்குக் கிரீஸ் தடவாவிட்டால் எனக்குக் கை பரபரக்கும். (என் கல்யாணத்தன்று மண்டப நாற்காலி கிறீச்சிட்டபோதுகூடத் தோன்றியது. அடக்கிக்கொண்டேன்.) ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பில் இருந்தவன் நான். இந்தப் பழக்கத்தால் என் மகளின் இரண்டு மாதங்களைத் தொலைத்தேன்.

கைப்பேசி எல்லார் கைக்கும் வந்திராத இரண்டாயிரங்களின் தொடக்கம். மனைவி செல்வி பிரசவத்துக்குச் சாத்தூர் போயிருந்தாள். மகள் பிறந்ததும் ஓடிப்போய் ஒன்றரை நாள் பார்த்தேன். அதற்குமேல் லீவு இல்லை. பிறகு தினமும் சாயங்காலம் மூக்கண்டப்பள்ளி எஸ்.டி.டி. பூத்தில் நின்று அவள் அழுவதைக் கேட்பேன். அழாத நாளில், "லேசா கிள்ளி விடேன்" என்று செல்வியிடம் கெஞ்சியிருக்கிறேன். (பூத்துக்காரர் முறைப்பார்.)

ஐந்தாம் மாதம் அழைத்து வருவதாகப் பேச்சு. மாமனாருக்கு ஒரே ஒரு குறை. எங்கள் வாடகை வீட்டில் ஓர் அறை, மேற்குப் பார்த்த ஒரு ஜன்னல்.

"வெயிலு நேரா தொட்டில்ல அடிக்குமே மாப்ள. நானே கூட வந்து பாக்குறேன். சரியா இருந்தா விட்டுட்டு வாரேன், இல்லேன்னா கையோட கூட்டிட்டு வந்துருவேன்" என்றார்.

ஒரு திரைத்துணி வாங்கி மாட்டியிருந்தால் கதை முடிந்தது. ஆனால் அந்த வாரம்தான் எங்கள் மேனேஜர் அறையில் வெயில் மறைக்கும் பழைய பிளைண்டைக் கழற்றிப் போட்டார்கள். கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். மேனேஜர் ஜன்னலில் தொங்கியது என் மகள் ஜன்னலில் தொங்கப்போகிறது! கேட் பாஸ் வாங்கி, சைக்கிளில் குறுக்காகக் கட்டி, எதிரே வந்தவர்களையெல்லாம் சாக்கடையோரம் ஒதுங்க வைத்துக் கொண்டுவந்தேன்.

வீட்டில் பிரித்துப் பார்த்தேன். மேலே நீளமான தகரப் பெட்டி. அதிலிருந்து நூலேணிகள் இறங்கின; அவற்றின் படிகளில் அலுமினியத் தகடுகள் படுத்திருந்தன. ஓரத்தில் திருகுவதற்கு ஒரு குச்சி, இழுப்பதற்குக் கயிறு. கயிறு நுழையும் இடத்தில் பல் வைத்த சின்ன உருளை ஒன்று கயிற்றைக் கவ்விக் கவ்விப் பிடித்தது. 'அடப்பாவமே, எண்ணெயே காணாமல் கிடந்திருக்கிறது' என்று உருளைக்கும் கயிறு முழுவதற்கும் கறுப்பு கிரீஸை அப்பினேன். அப்புறம் வெண்ணெயாக ஓடியது. ஏற்றினால் மேலே நிற்கவில்லைதான். சுவரில் ஓர் ஆணியடித்துக் கயிற்றைச் சுற்றிவிட்டேன். (எப்பேர்ப்பட்ட மூளை!)

மாமா தும்பைப்பூ வெள்ளையில் வேட்டி சட்டையோடு வந்தார். செல்வி மடியில் மகள். என்னை யாரென்று தெரியாமல் உதட்டைப் பிதுக்கினாள்.

மூன்று மணி வெயிலில் பிளைண்டை இறக்கிக் காட்டினேன். தொட்டில்மேல் நிழல் விழுந்தது.

"பரவாயில்லையே மாப்ள!" என்றார் மாமா. குடும்பம் கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"நான் ஏத்திப் பாக்குறேன்" என்று அவரே கயிற்றை இழுத்து ஆணியில் ஒரு சுற்றுச் சுற்றினார். உள்ளங்கை கறுத்ததைக்கூடக் கவனிக்காமல் ஜன்னல் கம்பியில் முகத்தை ஒட்டி, "எதுத்தாப்ல என்ன கம்பெனி?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கயிறு ஆணியிலிருந்து வழுக்கியது. சடசடவென்று மொத்தத் தகடும் அவர் முதுகுப்பக்கமாக இறங்கியது. எங்களுக்குத் தெரிந்தது வேட்டி மட்டும்.

"மாப்ள!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பதற்றத்தில் கயிற்றை விட்டுவிட்டுக் குச்சியைத் திருகினேன். தகடுகள் இறுக மூடிக்கொண்டன. இடைவெளியில் தெரிந்த கொஞ்சநஞ்ச மாமாவும் மறைந்தார். மகள் வீடே அதிர அழுதாள். (பூத்தில் கேட்டதைவிட நேரில் குரல் கணீரென்று இருந்தது. அந்த நேரத்திலும் அதைத்தான் நினைத்தேன்.)

ஒருவழியாக வெளியே வந்த மாமாவின் முதுகில் மூன்று கறுப்புக் கோடுகள்.

"அஞ்சாம் மாசம் இத்தோட போச்சு. ஆறு ரெட்டப்படை, புள்ளையக் கொண்டாரக் கூடாது. ஏழுல பாப்போம்" என்றார்.

சாயங்கால பஸ்ஸிலேயே கிளம்பினார்கள். பஸ் ஜன்னலில் செல்வி சிரிப்பை அடக்கிக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் மகளின் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்டினாள்.

மறுநாள், என்னோடு வேலை பார்த்த பாகலூர் மஞ்சுநாத் கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "அது லாக்குப்பா! கயித்தக் கவ்விப் புடிக்கத்தான் அந்தப் பல்லு. அதுக்குப் போயி யாராச்சும் கிரீஸ் போடுவாங்களா?"

இருவருமாக மண்ணெண்ணெயில் கழுவினோம். கயிற்றை ஓரமாகச் சாய்த்து விட்டதும் பிளைண்ட் சிக்கென்று நின்றது. அந்த இரண்டு மாதமும் வேலை விட்டு வந்து அதை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தேன். பக்கத்தில் காலித் தொட்டில் தொங்கும். மகள் முதன்முதலில் குப்புற விழுந்த சேதியைப் பூத்தில்தான் கேட்டேன். அதைப் பார்க்கவில்லையே என்ற ஏக்கம் இன்றுவரை போகவில்லை.

ஏழாம் மாதம் வந்தார்கள். மாமா வாசலிலேயே நின்று, "கயிறெல்லாம் காஞ்சிருச்சா மாப்ள?" என்றார். அதற்கப்புறம் வீட்டில் எப்போது கதவு கிறீச்சிட்டாலும் செல்வி மகளிடம், "மெதுவாடி, அப்பா காதுல விழுந்துறப் போகுது" என்பாள்.

அந்த மகளுக்கு இப்போது புனேயில் வேலை. போன வாரம் போனில், "அப்பா, என் ரூம் பிளைண்ட் ஏற மாட்டேங்குது. நீங்க வந்து கொஞ்சம் கிரீஸ் போடுங்களேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் குரல் கம்மியிருந்தது.

எந்தப் பாகத்தில் கோளாறு என்று நான் கேட்கவில்லை. டிக்கெட் போட்டுவிட்டேன். பையில் முறுக்கு இருக்கிறது, பருப்புப் பொடி இருக்கிறது. கிரீஸ் டப்பாவைச் செல்வி எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள்.