வணங்காமுடியாரின் செருப்பு

தொலைக்காட்சியில் மன்னர் யாராவது வந்தால் எங்கள் வீட்டில் ரிமோட்டை என் கையில் தரமாட்டார்கள். நிறுத்தி நிறுத்திப் பிழை சொல்வேன் என்ற பயம். அது நியாயமான பயம்தான். செய்தித்தாள் ஒன்றில் பிழை திருத்தும் மேசையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். பத்துப் பதினைந்து ஊரை ஆண்டவரைச் 'சக்கரவர்த்தி' என்று யாராவது சொன்னால் எனக்குப் பல் கூசும். திரையில் கணவன் தன் மனைவியை, பக்கத்தில் யாருமே இல்லாதபோதும், 'மகாராணியாரே' என்று அழைத்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். (என் மனைவி சொல்வது: "அவியளாவது பொண்டாட்டிய அப்படிக் கூப்பிடுதாவ.")

இந்தப் பல்கூச்சத்தை ஒரு தகுதி என்று நம்பி ஒரு படக்குழு என்னை ஆலோசகராக வைத்துக்கொண்டது.

எங்கள் பக்கத்துப் பாளையக்காரர் ஒருவரைப் பற்றித் தொலைக்காட்சிக்குப் படம் எடுக்கச் சென்னையிலிருந்து அருண் என்ற இயக்குநர் கோவில்பட்டி வந்திருந்தார். உப்போடைப்பட்டிப் பாளையம். பெரிய நாடாக இருக்குமோ என்று நினைக்க வேண்டாம். காலையில் வடக்கு எல்லையில் சைக்கிளை மிதித்தால் மதியச் சாப்பாட்டுக்குத் தெற்கு எல்லைக்குப் போய்விடலாம். ஆனாலும் கம்பெனிக்கு வரி கட்டமாட்டேன் என்று சொன்னவர் அந்த மனிதர். அதற்காக அவரை எவ்வளவு பாராட்டினாலும் தகும் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. பாராட்டைச் சரியான அடைமொழியோடு செய்ய வேண்டும் என்பதுதான் என் கட்சி.

படத்துக்கு அனுமதி தர வேண்டியவர் மங்கையர்க்கரசி. பாளையக்காரரின் நேர் வாரிசு. புதியம்புத்தூரில் ஆயத்த ஆடை யூனிட் நடத்துகிறார். ஊரார் 'அரண்மனை' என்றும் அவர் 'பழைய வீடு' என்றும் சொல்கிற கட்டடம் அவர் பெயரில்தான் இருந்தது. படத்தில் பாதிக் காட்சிகள் அங்கேதான் எடுக்க வேண்டும்.

முதல் சந்திப்பில் அருண் அவரை 'ராணியம்மா' என்றார்.

"ராணியெல்லாம் இல்ல தம்பி. நைட்டி தைக்கிறவ. மங்கைன்னே கூப்பிடுங்க" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, ஒண்ணு மட்டும் சொல்லிருதேன். முன்ன ஒரு டிவில எங்க தாத்தாவுக்குத் தாத்தாவை எப்படிக் காட்டுனாவ தெரியுமா? பிளாஸ்டிக் கிரீடம், தொப்பை, சுத்தி நாலு பொம்பளைய ஆட்டம். ஊரே சிரிச்சுது. எங்க அப்பா எந்திரிச்சுப் போய் டிவிய அமத்துனாவ. அதுக்கப்புறம் சாகுத வரைக்கும் அந்தப் பெட்டி பக்கமே திரும்பல."

அருண் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை ஜனங்க அவியளப் பாத்துச் சிரிச்சாவன்னா, வீட்டுக் கதவைச் சாத்திருவேன். படமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்."

"ஒரு ஆள் சிரிக்காது. அதுக்கு நான் பொறுப்பு" என்றேன். (கேட்டார்களா என்றால், இல்லை. நானாகத்தான் சொன்னேன்.)

வேலையைத் தொடங்கினேன். திரைக்கதையில் இருந்த 'சக்கரவர்த்தி'களை எல்லாம் பிடுங்கி எறிந்தேன். கம்பெனி அதிகாரி பாளையக்காரரை 'யுவர் மெஜஸ்டி' என்று கும்பிடும் இடத்தை அடித்தேன். வரி கேட்டு மிரட்ட வந்தவன் எதற்குக் கும்பிடப் போகிறான்? குடிமக்கள் சொல்வதாக இருந்த 'மகாராஜா'வையும் எடுத்தேன். கிரீடம் போய்த் தலைப்பாகை வந்தது. சிங்கம் போட்ட நாற்காலி வந்த லாரியிலேயே திரும்பிப் போயிற்று. புது உடைகளை மங்கையே தன் யூனிட்டில் தைத்துக் கொடுத்தார். எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. அங்கேயே நான் வாயை மூடியிருக்கலாம்.

பாளையக்காரர் முதன்முதலாக ஊரார் முன் தோன்றும் காட்சி மிச்சமிருந்தது. கட்டியம் கூறுபவர் "மன்னர் வருகிறார்!" என்று சொல்ல, அவர் நடந்து வர வேண்டும். எனக்குப் பொறுக்கவில்லை. அந்த ஊர்க் கோயில் கல்வெட்டில் அவருடைய விருதுப் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. கட்டியம் என்றால் அத்தனையும் சொல்ல வேண்டும். முக்கால்வாசி சொல்லும்வரை பாளையக்காரர் அசையாமல் நிற்க வேண்டும், மிச்சத்தைச் சொல்லச் சொல்ல நடந்து வர வேண்டும். கூடவே, வெறுங்காலோடு ஒரு பாளையக்காரர் வெளியே வரமாட்டார். முன்பக்கம் வளைந்த தோல் செருப்பு வேண்டும் என்றேன். பழைய ஓவியம் ஒன்றில் பார்த்திருந்தேன்.

"ரொம்ப நீளமா போகும் சார்" என்றார் அருண்.

"வரலாறு நீளமாத்தான் இருக்கும்" என்றேன். இந்த வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

கட்டியம் கூறச் சுடலைமுத்து அண்ணாச்சியைப் பிடித்தோம். கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு மைக்செட் போடுபவர். மைக் இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல். "நடுவுல யார் என்ன செஞ்சாலும் நிறுத்தக் கூடாது" என்று அவரிடம் கறாராகச் சொன்னேன்.

"கரண்ட் போனாலே நான் நிறுத்தமாட்டேன்" என்றார்.

பாளையக்காரராக நடித்தவர் பெயர் பிரபாகர். தொடர்களில் அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவே நின்று கண்கலங்கும் மகனாகவே பல வருடம் நடித்தவர். இந்த வேடத்தை உயிராக நினைத்தார். விருதுப் பெயர் ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பொருள் கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்த அக்கறைக்காகவே அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

படப்பிடிப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் நல்ல மழை. காலையில் வானம் வெளுத்துவிட்டது. ஜெனரேட்டர் வேன் மட்டும் தார்ரோட்டைவிட்டு இறங்கமாட்டேன் என்று நின்றுகொண்டது. ஓட்டுநருக்குச் சோம்பல் என்று நினைத்தேன். குடிமக்களாக நடிக்க வந்த ஊரார் எல்லாரும் செருப்பை ஓர் உடைமரத்தடியில் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு, காட்சி எடுக்க இருந்த கரிசல் காட்டுக்குள் போய் நின்றார்கள். நான் அருணிடம், "பார்த்தீங்களா, நாம சொல்லாமலே காலத்துக்கு ஏற்ற மாதிரி நிற்கிறாங்க" என்று சிலாகித்தேன்.

நான் கோவில்பட்டிக்காரன்தான். ஆனால் தார்ரோட்டுக் கோவில்பட்டி. மழை பெய்த கரிசல் காட்டில் இந்தப் பக்கத்து மனிதர் யாரும் செருப்போடு கால் வைக்கமாட்டார் என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். எனக்குப் பேருந்து ஜன்னல் வழியாகத்தான் கரிசலைத் தெரியும்.

பிரபாகர் வளைந்த செருப்போடு காட்டில் இறங்கினார். ஒவ்வோர் அடிக்கும் மண் செருப்பின் அடியில் அப்பி அப்பி, அவர் கொஞ்சம் கொஞ்சமாக உயரமானார். நிற்க வேண்டிய இடத்துக்கு வருவதற்குள் பாளையத்திலேயே நெட்டையான ஆள் அவர்தான். கம்பீரமாக இருப்பதாக எனக்குப் பட்டது. பக்கத்தில் வெயிலுக்குக் குடை பிடித்து நின்றிருந்த மங்கை, "அண்ணாச்சி, அந்தச் செருப்பு..." என்று ஆரம்பித்தார்.

"ஓவியத்தில் இருக்கு" என்றேன்.

அருண் "ஆக்‌ஷன்" என்றார். சுடலைமுத்து அண்ணாச்சி தொடங்கினார்.

"எட்டூர்க் காவலர்! எதிரிகள் மார்பில் எழுதிய வேலர்! ஓடையும் உடையும் உள்ளளவும் உடையவர்!"

பிரபாகர் அசையாமல் நின்றார். அசையாமல் நிற்பவரைக் கரிசல் மெதுவாக உள்ளே அழைத்துக்கொள்ளும். மூன்றாவது விருதுக்குள் நெட்டை போய்ப் பழைய உயரத்துக்கு வந்தார். ஆறாவதில் செருப்பின் வளைவைக் காணவில்லை. அவர் முகத்தில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. நடக்க வேண்டிய இடம் வந்தது. வலது காலைத் தூக்கினார். கால் வந்தது, செருப்பு வரவில்லை. இடது காலைத் தூக்கினார், காலும் வரவில்லை.

"மண் நடுங்க நடப்பவர்!" என்றார் சுடலைமுத்து அண்ணாச்சி.

நாலு காலில் விழுந்தார் பிரபாகர்.

"வணங்காமுடி!"

தலைப்பாகை உருண்டு போய்க் குடிமக்கள் காலடியில் நின்றது.

கொஞ்ச நேரம் காடே அமைதியாக இருந்தது. (சுடலைமுத்து அண்ணாச்சி அமைதியாக இல்லை. அவருக்கு இன்னும் நாலு விருது பாக்கி இருந்தது. நிறுத்தக் கூடாது என்றும் உத்தரவு.) பிறகு யாரோ ஒருவர் களுக்கென்றார். அவ்வளவுதான். ஊரே சிரித்தது. கேமராவைப் பிடித்திருந்தவரின் தோள் குலுங்கியது. ஒரு ஆள் சிரிக்காது, நான் பொறுப்பு என்று சொன்ன நான், மங்கையின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் அவருடைய குடைக்கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் பிரபாகர் 'கட்' கேட்கவில்லை. எழுந்தார். மாட்டிய செருப்பிலிருந்து இன்னொரு காலையும் உருவிக்கொண்டார். கையைத் தட்டினார், மண் இன்னும் நன்றாகப் பரவியது. பக்கத்தில் நின்றிருந்த சேவகனை, விழுந்தது இவன்தான் என்பதுபோல் ஒரு முறை முறைத்தார். தலைப்பாகையை எடுத்து, மண்ணோடு தலையில் வைத்து, வெறுங்காலோடு நிதானமாக நடந்து வந்தார். சிரிப்பு தானாக அடங்கியது. கூட்டத்தில் நின்ற பெண் ஒருத்தி, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, "பாத்து வாங்க மகராசா, செருப்பு கெடந்துட்டுப் போகுது!" என்றாள். பிரபாகர் முன்னால் வருகையில் வழிவிட்டு நகர்ந்தவர்கள் நடிக்கிற மாதிரித் தெரியவில்லை. நான் அடித்துத் தூக்கிய 'மகாராஜா' அங்கே திரும்ப வந்துவிட்டார். அவர் வந்ததில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம்தான் திரும்பினேன். மங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கண்ணில் நீர். தீர்ந்தது என்று நினைத்தேன்.

"மங்கை, இதை வெட்டிரச் சொல்லிருதேன்..."

"வெட்டுவீகளோ?" அவருக்குச் சிரிப்பில் மூச்சு முட்டியது. "அது எங்க அப்பால்லா! கல்யாண வீட்டுப் பந்தில ரசத்துல வழுக்கி விழுந்துட்டு, எந்திரிச்சுப் பக்கத்து எலைல இருந்த எங்க மாமாவப் பாத்து 'பாத்து இருக்கப்படாதாய்யா'ன்னு கேட்டாவ. அதே முறைப்பு. அந்தத் தம்பிக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அருண் தயங்கித் தயங்கி வந்தார். "சாரி மேடம். எல்லாரும் சிரிச்சுட்டாங்க."

"அன்னைக்கு சிரிச்சது ஒரு பொம்மையப் பாத்து தம்பி. இன்னைக்கு எங்க வீட்டு ஆளையே பாத்தாவ." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "மதியம் சாப்பாடு பழைய வீட்டுல. சாவி எங்கிட்டதான் இருக்கு. முதல்ல அந்த மைக்செட் அண்ணாச்சிய யாராவது நிறுத்தச் சொல்லுங்க. ரெண்டாம் தடவை ஆரம்பிச்சுட்டாவ."

விழுந்தது, எழுந்தது இரண்டும் படத்தில் அப்படியே இருக்கின்றன. ஒளிபரப்பான அன்று மங்கை தன் யூனிட்டில் தையல் இயந்திரங்களுக்கு நடுவே பெரிய திரை கட்டி எல்லாருக்கும் காட்டினார். பிரபாகர் அதற்குப் பிறகு கண்கலங்கும் மகனாக நடிக்கவில்லை. என் பெயர் கடைசியில், படிக்க முடியாத வேகத்தில், 'வரலாற்று ஆலோசனை' என்று ஓடியது. அந்த வேகத்துக்காக அருணுக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

வீட்டில்தான் தப்பிக்க முடியவில்லை. நான் எதையாவது திருத்த வாயைத் திறந்தால் என் மகள் சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்: "எம்மா, அப்பா செருப்போட இறங்குதாவ!" சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் இது பரவிவிட்டது. போன மாதம் கடம்பூரில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் ஆளுயர ஃபிளெக்ஸ். செல்போன் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை சிம்மாசனத்தில் வாளோடு உட்கார்ந்திருந்தார். மேலே 'கரிசல் சீமையின் மாமன்னர்' என்று போட்டிருந்தது. பல் கூசியது. மூச்சை இழுத்தேன். என் மனைவி என் காலையே பார்த்தாள்.

மூச்சை விட்டுவிட்டு இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தேன். மாப்பிள்ளைக்கு அந்தத் தலைப்பாகை நன்றாகத்தான் இருந்தது.