எட்டாவது புள்ளியில் ஒரு மாலை

அந்த ஞாயிற்றுக்கிழமை வரை ஈப்போவில் என்னைப் பார்த்து எவரும் சிரித்ததில்லை. கல்லூரிப் பட்டம் பெற்றவன். தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். ஆலய நிர்வாகத்தின் தலைவன். நகரில் எவருக்குப் பொன்னாடை போர்த்துவதாக இருந்தாலும் என்னைத்தான் மேடைக்கு அழைப்பார்கள். எப்போது எழ வேண்டும், எப்போது போர்த்த வேண்டும் என்பதில் நான் தவறியதே இல்லை. (இதைப் படிக்கும்போது என் மனைவி இருமுவாள். இருமட்டும்.)

என் தங்கை மகள் தர்ஷினி கைப்பந்து வீராங்கனை. சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் மரங்களை வெட்டி வீடுகள் கட்டிய பழைய தோட்டத்தில் வளர்ந்தவள். சம்பளத்துக்கு விளையாடுகிறாள் என்று தங்கை சொன்னபோது, "அது சரி, வேலை என்ன?" என்று கேட்டவன் நான்.

அந்த ஞாயிறன்று அவளுடைய கிளப் ஈப்போ உள்ளரங்கில் இறுதியாட்டம் ஆடியது. தாய்லாந்துக் கிளப் ஒன்றின் பயிற்றுநர் அவளைப் பார்க்கவே வந்திருந்தார். அவருக்குப் பிடித்தால் அங்கே ஒப்பந்தம். பிடிக்காவிட்டால், முப்பதை நெருங்குகிறவளைத் தேடி இன்னொருவர் வரப்போவதில்லை என்று தங்கை கவலைப்பட்டாள். வென்றால் குடும்பத்தின் சார்பில் மரியாதை செய்வதென்று முடிவாயிற்று. முடிவு செய்தவன் நானே.

ஆட்டம் ஐந்தாம் சுற்றுக்குப் போனது. தர்ஷினிக்குக் கை இறுகிவிட்டது. அடித்த பந்தெல்லாம் வலையில் மோதியது. தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மடியில் ரோஜா மாலையும் பொன்னாடையுமாக நிமிர்ந்து அமர்ந்திருந்தேன். (விதிமுறைகளா? எனக்குத் தெரியாததை நான் பிறரிடம் கேட்பதில்லை.)

விசில் ஒலித்தது. இரு அணியினரும் இடத்தை விட்டு நகர்ந்தார்கள், அரங்கம் கைதட்டியது. கடைசிச் சுற்றில் ஓர் அணி எட்டுப் புள்ளி எடுத்ததும் இருவரும் பக்கம் மாறிக்கொள்வார்கள் என்பது என்னைத் தவிர அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். பலகையில் எட்டுக்கு ஐந்து என்றிருந்தது. எட்டு நம்முடையது என்று நான் தீர்மானித்தேன். எழுந்தேன்.

ஆடுகள ஓரத்தில் ஓர் அதிகாரி பதறிப்போய் என் தோல் காலணியைக் காட்டினார். இடத்தின் மரியாதை கருதிக் கழற்றினேன். காலுறையோடு அந்த வழுவழுப்பான தரையில் வைத்த முதல் அடிக்குப் பிறகு நான் நடக்கவில்லை. தரை என்னைக் கொண்டு சென்றது. வலையைத் தொட்டு நிலைப்படுத்திக்கொண்டேன். தர்ஷினிக்கு மாலையிட்டு, பொன்னாடையைப் போர்த்தி, "பேரன்பு கொண்ட பெரியோர்களே" என்று தொடங்கினேன்.

"மாமா," என்றாள் மெதுவாக. "மேட்ச் இன்னும் முடியல லா."

"வென்ற பிறகு இவ்வளவு அடக்கம் தேவையில்லை அம்மா."

"நாங்க தோத்துக்கிட்டு இருக்கோம் மாமா."

மாலையைக் கழற்றப் பார்த்தாள். நார் அவள் கொண்டையில் மாட்டிக்கொண்டது. எதிரணித் தலைவியான சீனப் பெண் உதவிக்கு வந்து இழுத்தாள். மாலை அறுந்தது. பிறகு இரு அணிகளும் மண்டியிட்டு ரோஜா இதழ் பொறுக்கின. கௌரவம் கருதி நானும் குனிந்தேன். நடுவர் மஞ்சள் அட்டையை உயர்த்தினார். அதைப் பார்த்துத் தர்ஷினி தரையிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தாய்லாந்துப் பயிற்றுநரும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

சிரிப்பில் அவளுடைய இறுக்கம் போய்விட்டது. ஆட்டம் தொடர்ந்ததும், தலையில் ஓர் இதழ் ஒட்டியிருக்க, எழும்பி அறைந்தாள். பந்து எதிரணித் தரையில் இடியாக இறங்கியது. அடுத்ததும் அப்படியே. வென்றார்கள். அப்படி ஒரு கூத்துக்குப் பிறகு இப்படி அடிப்பவள் எங்கும் ஆடுவாள் என்றாராம் பயிற்றுநர். இப்போது அங்கே அவளுக்கு இரண்டாவது ஆட்டப் பருவம்.

நான் இன்றும் பொன்னாடை போர்த்துகிறேன். ஆனால் எழுந்தவுடன் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: "அண்ணே, முடிஞ்சிருச்சான்னு கேட்டுக்கிட்டுப் போங்க லா." சென்ற தீபாவளிக்குத் தர்ஷினி வந்திருந்தாள். நான் பணம் வைத்துக் கொடுத்த அங்பாவ் உறை மஞ்சள் நிறம். வாங்கியவள் அதை நடுவரைப் போலத் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினாள். வீடே குலுங்கியது. என் மனைவி இருமினாள்.

நான் வலையில் சிக்கிக்கொண்டதாகவும், நடுவர் எனக்கு மஞ்சள் அட்டை காட்டியதாகவும் ஈப்போவில் சொல்லி வருகிறார்கள். வலையைத் தொட்டேன், சிக்கவில்லை. அட்டை, தாமதம் செய்ததற்காக அணிக்குக் காட்டப்பட்டது. எனக்கு அல்ல.