சிப்பாயின் பதினெட்டு நகங்கள்

அந்த நாயைப் பத்து நாளுக்குள் வீட்டை விட்டு அனுப்பியே தீருவது என்று ஒரு சித்திரை மாதத் திங்கட்கிழமை முடிவு செய்தேன். என் முடிவுகள் வழக்கமாக மனைவி அடுக்களையிலிருந்து வெளியே வரும் வரைதான் உயிரோடு இருக்கும். இந்த முறை அப்படி விடக்கூடாது என்று பஞ்சாங்கத்தையும் கையில் எடுத்துக்கொண்டேன்.

நாயின் பெயர் சிப்பாய். என் மைத்துனன் குழந்தைசாமி அதைக் கீரனூரிலிருந்து கரியில் ஓடும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து, "அக்காவுக்கு ஒரு துணை" என்று விட்டுவிட்டுப் போனான். துணைக்குத்தான் நான் இருக்கிறேனே என்றேன். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மூன்று மாதமாகச் சிப்பாய் சிமெண்டுத் தரையை விட்டு இறங்கவில்லை. தின்றது. தூங்கியது. நகம் வளர்த்தது. அது நடந்தால் யாரோ டைப்படிப்பதுபோல் டக் டக் என்று சத்தம் கேட்கும். தாலுகா கச்சேரி ஆபீசில் பகல் முழுவதும் டைப் சத்தம் கேட்டுவிட்டு வருகிற குமாஸ்தா நான். அது போதாதென்று அன்று மாலை என்மேல் அன்போடு தாவியது. என்னிடம் இருந்த ஒரே அல்பாகா கோட்டில் நான்கு கோடு விழுந்தது.

"பிரகதாம்பா! இந்த நாய் ஒன் தம்பி வீட்டுக்கே போகணும்."

"நாய் என்னங்க பண்ணுச்சு? நகந்தானே பண்ணுச்சு. நகத்தை வெட்டிவிட்டாப் போச்சு."

"வெட்டிவிட்டாப் போச்சா? இரு, வாரேன்."

ஜட்கா வண்டி முகம்மது கனி பாயை அழைத்து வந்தேன். குதிரைக் குளம்பு முதல் கோழிக் கால் வரை அவருக்குத் தெரியும். அவர் சொல்லி அவள் பயப்பட வேண்டும் என்பது என் யோசனை. பாய் சிப்பாயின் பாதத்தை மெல்ல அமுக்கிப் பார்த்தார்.

"சார், நகத்துக்குள்ள செவப்பா உயிர்நரம்பு ஓடுது. வெள்ளை நகம்னா வெளியே தெரியும். இதுக்கு அத்தனையும் கறுப்பு. குத்துமதிப்பா வெட்டினா ரத்தம் கொட்டும். அப்புறம் சாகுற வரைக்கும் காலைத் தொடவிடாது."

"கேட்டியா? ரத்தம்!" என்று சொல்லிவிட்டு, வெற்றியோடு பஞ்சாங்கத்தை எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது பாய் போய்விட்டிருந்தார்.

"பாய் முழுக்கச் சொல்லிட்டுப் போனாருங்க. ஒவ்வொரு அரிசி அளவா நுனியை மட்டும் எடுக்கணுமாம். வெட்டின இடத்துல நடுவுல புள்ளி தெரிஞ்சா நிறுத்திடணுமாம். மஞ்சத்தூள் பக்கத்துல வச்சுக்கணுமாம். நாளைக்கே பண்ணிருவோமா?"

"நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. நகம் வெட்டலாமா?"

"புதன்?"

"ஏகாதசி."

"வியாழன்?"

"ஒன் ஜன்ம நட்சத்திரம்."

"வெள்ளி?"

"வெள்ளிக்கிழமை நகத்தை வெட்டி மகாலட்சுமியை வெளியே அனுப்பப் போறியா?"

"நாய் நகந்தாங்களே?"

"வீடு நம்ம வீடாச்சே!"

"சனி?"

"சனிக்கிழமை சிரைக்கவும் கூடாது, வெட்டவும் கூடாது. ஞாயிறு அமாவாசை. திங்கள் எனக்கு ஜன்ம நட்சத்திரம். அடுத்த நாள் மறுபடியும் செவ்வாய். புதன் கிருத்திகை. அதோட பத்து நாள். அன்னிக்குச் சாயங்காலம் இந்தத் தரையில டக்குன்னு ஒரு சத்தம் கேட்டாலும் கீரனூர் பஸ்தான்."

"சத்தம் கேக்கலைன்னா?"

"நாய் இங்கேயே இருக்கட்டும். நான் வாயைத் திறக்கலை. ஒன் மேல சத்தியம்."

"சரிங்க" என்றாள். சண்டை போடவில்லை. அழவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுப்பினாள்.

"உங்களுக்கு ஹெட் குமாஸ்தா வேலை கெடைக்கணும்னு வேண்டிக்கிட்டேன். ஒன்பது நாள் கொன்றைப்பூ அர்ச்சனை. வீட்டு ஆம்பளை கையால பறிச்சுட்டு வரணும். திருவரங்குளம் பாதையில ரெண்டு மைல்ல ஒரு மரம் இருக்கு. செருப்புப் போடக் கூடாது."

"அங்கிட்டு நரி நடமாட்டம் இருக்குன்னு சொல்றாங்களே?"

"அதான் சிப்பாயைக் கூட்டிட்டுப் போங்க."

போனேன். அந்தப் பாதை முழுவதும் செம்புராங்கல். அரத்தின் மேல் நடப்பதுபோல் இருந்தது. எனக்குப் பாதம் எரிந்தது. சிப்பாய் முதல் நாள் உட்கார்ந்து அழுதது. இரண்டாம் நாள் நான் உட்கார்ந்தேன். ஐந்தாம் நாள் அது என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. இன்னும் கொஞ்ச நாள்தானே, அப்புறம் கீரனூர் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் சாயங்காலம் கயிறும் கையுமாகக் கூடத்தில் நின்றேன்.

"எங்கே, நடக்கச் சொல்லு!"

சிப்பாய் நடந்தது. சத்தம் இல்லை. திரும்பி நடந்தது. பூனை நடப்பதுபோல் இருந்தது. குனிந்து பாதத்தைப் பிடித்துப் பார்த்தேன்.

"வெட்டிட்டே! கூடாத நாள்ல வெட்டிட்டே!"

"உங்க பஞ்சாங்கத்தை மீறுவேனாங்க? தேஞ்சிருக்கு. கல்லுல தெனம் நடக்குற நாய்க்கு நகம் தானாத் தேயும், உயிர்நரம்பும் மெல்ல உள்ளே போயிடும்னு பாய் சொன்னாரு. தெனம் போகவர நாலு மைல் கல்லு. நீங்கதானே நடத்திக் கூட்டிட்டுப் போனீங்க?"

"முன்னங்கால்ல பக்கவாட்டுல ரெண்டு நகம் இருக்கே? அது தரையிலயே படாதே!"

"அதை மட்டும் குதிகால் தேய்க்கிற கல்லால தெனம் கொஞ்சம் தேச்சுவிட்டேன். தேய்க்கக் கூடாதுன்னு பஞ்சாங்கத்துல போட்டிருக்கா?"

புரட்டிப் பார்த்தேன். போடவில்லை.

"அப்ப ஹெட் குமாஸ்தா வேண்டுதல்?"

"அதையுந்தான் வேண்டிக்கிட்டேன். வந்தாலும் வருங்க."

கயிற்றைக் கீழே போட்டேன். சத்தியம் சத்தியந்தான். "நாய் இருந்து தொலையட்டும். நாளையிலேருந்து நான் ஏழு மணி வரைக்கும் தூங்கப்போறேன்."

"தூங்கினா மறுபடியும் நகம் வளந்துருமேங்க?" என்றாள் பிரகதாம்பாள், சிப்பாயின் தலையைத் தடவிக்கொண்டே. "வெட்டுறதுக்கு நாளே இல்லைன்னு நீங்கதான் கண்டுபிடிச்சிருக்கீங்க. அஞ்சு மணிக்கு எழுப்புறேன்."