மாடிப்படியில் குடை பிடித்தவர்

தனிமனித சுதந்திரத்துக்காக எதையும் தியாகம் செய்வது என்று தராசு சார் முடிவெடுத்தபோது அவருடைய ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொரு கால் அந்தரத்தில் நின்றது. தலைக்கு மேலே, வாசல் நிலையில், புதிதாக ஒரு கறுப்புக் கேமரா. அதன் நெற்றியில் ஒரு சிவப்பு விளக்கு. அது அவரைப் பார்த்தது. அவர் அதைப் பார்த்தார். முதலில் கண்ணை எடுத்தது அவர்தான்.

"என்ன இது?"

"கேமரா," என்றார் டீச்சர், சமையலறையிலிருந்து.

"கேமரான்னு தெரியுது. எதுக்கு?"

"மாடிப்படியில செருப்பு காணாமப் போகுதுங்க. என்னோடது போச்சு. எதிர் வீட்டு டாக்டரம்மாவோடது போச்சு. இனிமே யார் வந்தா, யார் போனா, என்ன கொண்டு வந்தாங்க, எல்லாம் தெரிஞ்சிடும்."

'என்ன கொண்டு வந்தாங்க' என்ற இடத்தில் தராசு சாருக்குப் புரை ஏறியது. அவர் வாயில் ஒன்றும் இல்லை. வெறும் காற்றிலேயே புரை ஏறியது.

தராசு சார் எடையளவு ஆய்வாளர். கடைகடையாகப் போய்த் தராசு சரியாக இருக்கிறதா, படி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. குடியிருப்பில் யாருக்கும் அவருடைய சொந்தப் பெயர் ஞாபகமில்லை. நுகர்வோர் உரிமை பற்றி அவர் பேச ஆரம்பித்தால் கடைக்காரர்கள் தானாகவே ஒரு கைப்பிடி அதிகம் போட்டு அனுப்பிவிடுவார்கள். டீச்சர் அவருடைய மனைவி. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுப்பவர். ஊருக்கே டீச்சர் என்பதால் வீட்டுக்காரரும் பயத்தில் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்.

ஊரார் தராசையெல்லாம் நேர்செய்த மனிதருக்கு, கைப்பேசியில் பொருள் வாங்குகிற விஷயத்தில் மட்டும் முள் ஒரு பக்கமாகவே சாய்ந்தது. முட்டை உரிக்கும் இயந்திரம் வாங்கினார். அது முட்டையை எறிந்துவிட்டு ஓட்டைப் பத்திரப்படுத்தியது. இருட்டில் நடக்க முகப்பு விளக்கு வைத்த செருப்பு வாங்கினார். தெருவில் எதிரே வந்த வண்டிகள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டன. கடைசியாக, வாங்கியவரின் பின்னாலேயே உருண்டு வரும் சூட்கேஸ் ஒன்று வாங்கினார். அதற்கு ஏனோ எதிர் வீட்டுப் பல் டாக்டரைப் பிடித்துப்போயிற்று. அவர் பின்னாலேயே போய் அவருடைய மருத்துவமனையில் வரிசையில் நின்றது. போகிற வழியில் டீச்சரை மாடிப்படியில் தள்ளிவிட்டும் போனது.

அன்றைக்குத்தான் அந்தச் சத்தியம். கட்டுப்போட்ட முழங்காலோடு உட்கார்ந்திருந்த டீச்சர் முன்னால் தராசு சார் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "இனி ஒரு பார்சல் இந்த வாசலைத் தாண்டிச்சுன்னா, என் ரூம் உனக்கு!"

சாதாரண ரூம் இல்லை அது. ஜன்னலோரம் ஒரு மரம், ஒரு சாய்வு நாற்காலி, உள்ளே போய்த் தாழ் போட்டால் உலகமே இல்லை. டீச்சரோ சாயங்கால இணைய வகுப்பைச் சாப்பாட்டு மேசையில், தண்ணீர்க் குடத்தில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து நடத்திக்கொண்டிருந்தார். புவியீர்ப்பு விசை பற்றிப் பேசும்போது கைப்பேசி அடிக்கடி விழும். பிள்ளைகள் அதையும் செய்முறை விளக்கம் என்று எழுதிக்கொள்வார்கள்.

சத்தியத்துக்குப் பிறகு தராசு சார் திருந்தினார். அதாவது, மதியத்துக்கு மாறினார். டீச்சர் பள்ளியில் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சாப்பிட வீட்டுக்கு வருவார். பார்சலும் வரும். பொருள் நேராக அவர் ரூமில் இருந்த எடைக்கல் பெட்டிக்குள் போய்விடும். அது அலுவலக முத்திரை போட்ட இரும்புப் பெட்டி, யாரும் தொடக் கூடாது. அதற்குள் இப்போது ஒரு தலையணை இருந்தது. தூங்குகிறவரைத் தட்டி எழுப்பி "நன்றாகத் தூங்கினீர்களா?" என்று அன்பாக விசாரிக்கும் தலையணை. அதை எப்படி அணைப்பது என்று தெரியாமல் துணி சுற்றி அடியில் போட்டு வைத்திருந்தார்.

தலையணை பழைய பாவம். இப்போதைய கவலை வேறு. மாபெரும் தள்ளுபடியில் மயங்கி, முந்தின நாள்தான் கால் பிடித்துவிடும் இயந்திரம் ஒன்றுக்கு ஆர்டர் போட்டிருந்தார். அது திங்கள்கிழமை மதியம் வருகிறது. பெட்டி அவர் இடுப்பு உயரம். அதைச் சட்டைக்குள் ஒளித்துக் கேமராவைத் தாண்ட முடியாது.

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கைப்பேசியில் அந்தக் கடையின் உதவி மையத்தைப் பிடித்தார். ஓர் இயந்திரக் குரல் வந்தது.

"வணக்கம். உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி."

"எனக்கு மகிழ்ச்சி வேணாம். ஆர்டரை ரத்து பண்ணணும்."

"உங்கள் உணர்வு புரிகிறது. பொருள் ஏற்கனவே புறப்பட்டுவிட்டது. உங்களிடம் வந்து சேர்ந்த பிறகு தாராளமாகத் திருப்பி அனுப்பலாம்."

"வந்து சேர்றதுதான்யா பிரச்சினையே!"

"பொருள் வந்து சேரவில்லை என்று புகார் அளிக்கிறீர்களா?"

"ஐயோ, வந்துடும்னு புகார்!"

"அப்படி ஒரு புகார் எங்களிடம் இல்லை. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?"

எதிர் வீட்டுக்கு ஓடினார். பல் டாக்டர் கதவைப் பாதி திறந்து, மாடிப்படிக் கேமராவை ஒரு பார்வை பார்த்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசினார்.

"டாக்டர், ஒரு சின்னப் பெட்டி. ரெண்டே நாள் உங்க வீட்டுல..."

"சார், என் கட்டிலுக்கு அடியில ஏற்கனவே ரெண்டு தூண்டில் கிடக்கு. பொண்டாட்டிக்குத் தெரியாது. அந்தக் கேமரா என் வாசலையும் சேர்த்துத்தான் பாக்குது. நானே மூணாவது தூண்டிலை எப்படி உள்ள கொண்டு போறதுன்னு முழிச்சுக்கிட்டு இருக்கேன்."

"நீங்க மீன் பிடிக்கப் போய் நான் பாத்ததே இல்லையே?"

"நீங்க அந்த லைட்டுச் செருப்பை ஒரு ராத்திரிக்கு மேல போட்டு நானும் பாத்ததில்லை."

 பிறகு கேமரா ஞாபகம் வந்து, இரண்டு பேரும் நல்ல பிள்ளை முகத்தை மாட்டிக்கொண்டு அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கலைந்தார்கள்.

மறுநாள் தராசு சார் மாடிப்படியில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்து பார்த்தார். அதற்குள் ஒரு பெட்டி மறையுமா என்று சோதனை.

"ஏங்க, கூரைக்குக் கீழ குடை எதுக்கு?"

"பல்லி விழுது."

"கேமராவுக்கு நேரா மட்டுமா விழுது?"

"அங்கதான் பூச்சி அதிகம். வெளிச்சம் இருக்குல்ல."

டீச்சர் தலையாட்டினார். வகுப்பில் தப்பான விடை சொல்லும் பிள்ளையை இன்னும் கொஞ்சம் பேசவிடும் தலையாட்டல் அது. அது தராசு சாருக்குப் புரியவில்லை. அவர் கொள்கைக்குத் தாவினார்.

"இங்க பாரு டீச்சர், இது பல்லிப் பிரச்சினை இல்ல. இது அந்தரங்க உரிமைப் பிரச்சினை. கண்காணிப்புங்கிறது ஒரு சமூகத்தையே நோயாளி ஆக்கிடும். இதனால மக்கள் பாதிக்கப்படுறாங்க!"

"எந்த மக்கள்?"

"பொது... மக்கள்."

"நம்ம வாசல்ல நிக்கிற மக்கள் நாம ரெண்டு பேர்தானே? நான் பாதிக்கப்படலையே."

"அப்ப மீதி மக்கள் பாதிக்கப்பட்டிருக்காங்க!"

"பாவம்," என்றார் டீச்சர். "ஒருத்தரே எல்லாத்தையும் தாங்குறாங்க. சங்கத்துல பேசிப் பாருங்களேன்."

பேசினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வண்டி நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் குடியிருப்போர் சங்கக் கூட்டம். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்தான் செயலாளர். தண்ணீர்த் தொட்டி, குப்பை, குப்பைத் தொட்டிக்குள் விழுந்த தண்ணீர் எல்லாம் பேசி முடித்த பிறகு தராசு சார் எழுந்தார். அவர் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. அவரே கேட்டதில்லை.

"நண்பர்களே! வாசலில் நிற்பவன் குற்றவாளி அல்ல, குடிமகன்!"

"குடிமகன்னு பொத்தாம்பொதுவா சொல்லாதீங்க சார்," என்றார் செயலாளர் தணிந்த குரலில். "மூணாவது மாடிக்காரர் கோவிச்சுக்குவார்."

"ஒரு மனிதன் தன் வீட்டுக்குள் எதைக் கொண்டு போகிறான் என்பது அவனுக்கும் அவன் மனசாட்சிக்கும் இடையே உள்ள விஷயம்! நடுவில் எதற்கு லென்ஸ்?"

ஆண்கள் பக்கம் கைத்தட்டல் வெடித்தது. பல் டாக்டர் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். பொது இடத்தைப் பார்க்கும் எந்தக் கேமராவும் இந்தக் குடியிருப்பில் கூடாது என்று தீர்மானம் வந்தது. அதை முன்மொழியத் தராசு சார் இருக்கிறார், வழிமொழிய யார் என்று செயலாளர் கேட்டபோது, பெண்கள் வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"நான் வழிமொழியறேன்," என்றார் டீச்சர். "எங்க வீட்டுக்காரர் சொல்றது நூத்துக்கு நூறு நியாயம்."

தராசு சாருக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன ஒன்றை டீச்சர் சரி என்று சொல்வது இதுதான் முதல் தடவை. வாக்கெடுப்பில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் கை தூக்கினார். சிலர் ஆர்வத்தில் இரண்டு கையும் தூக்கினார்கள். அந்த ஆரவாரத்தில் அவர் ஒன்றைக் கவனிக்கவில்லை. மனைவிமார்கள் யாரும் பேச்சாளரைப் பார்க்கவில்லை. தூக்கிய கைகளைத்தான் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் முடிந்த கையோடு ஸ்டூல், திருப்புளி சகிதம் தராசு சார் வாசலுக்கு வந்தார். டீச்சர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். ஒரு திருகு கழன்றது. இரண்டாவதும் கழன்றது. கேமரா கையோடு வந்தது. காற்று மாதிரி இருந்தது. ஆயுள் முழுக்க எடை பார்த்த கை, அந்த இடத்திலேயே சந்தேகப்பட்டது.

"என்ன இது, எடையே இல்ல?"

"உள்ள ஒண்ணும் இல்லையே," என்றார் டீச்சர். "சோப்புப் பெட்டிங்க. கறுப்பு பெயின்ட் அடிச்சேன். லென்ஸு, மருந்து பாட்டில் மூடி. சிவப்பு லைட்டு மட்டும் எங்க ஸ்கூல் லேப்ல மிச்சம் கிடந்தது."

தராசு சார் திறந்து பார்த்தார். ஒரு பேட்டரி. இரண்டு ஒயர். எலுமிச்சை சோப்பு வாசனை.

"அப்ப இது எதையுமே பிடிக்கலையா?"

"பிடிச்சுதே. செருப்பு எடுத்தவங்க மறுநாளே கொண்டு வந்து அதே இடத்துல விட்டுட்டுப் போயிட்டாங்க. அப்பவே கழட்டியிருப்பேன். நீங்க குடை பிடிச்சீங்க. சரி, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"நீ தப்பாப் புரிஞ்சுக்கிட்ட. எனக்கு இது கொள்கை! சுத்தமான கொள்கை!"

அவர் சட்டைப்பையில் கைப்பேசி சிணுங்கியது. ஸ்டூலில் நின்றபடியே எடுத்துப் பார்த்தார். 'மகிழ்ச்சியான செய்தி! உங்கள் பொருள் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டது.'

படியில் தொம் தொம் என்று சத்தம். முதலில் ஒரு பெட்டி வந்தது. அதற்குப் பின்னால் ஹெல்மெட். ஹெல்மெட்டுக்குள் ஒரு பெண்.

"வணக்கம் சார்! என்ன, ஸ்டூல் மேல நிக்கிறீங்க? மதியம்தானே எப்பவும் இருப்பீங்க!" பெட்டியை இறக்கி மூச்சு வாங்கினாள். "செம கனம். வழக்கம்போல ரூம்லயே வச்சிடவா?"

 தராசு சார் கையில் சோப்புப் பெட்டி சிவப்பாக விழித்துக்கொண்டிருந்தது.

"அதே ரூம்லயே வைம்மா," என்றார் டீச்சர். "ரூம் மாறல. ஆள்தான் மாறுது."

"இதைத் திருப்பி அனுப்பிடலாம்!" என்று தராசு சார் ஸ்டூலிலிருந்து கத்தினார். "பிரிக்காம அனுப்பினா முழுப் பணமும் வரும். அது நுகர்வோரோட உரிமை!"

"சரிதான். ஆனா நாள் பூரா நின்னு பாடம் எடுக்குறது நான். கால் வலி எனக்கு. அப்ப இதுக்கு நுகர்வோர் யாரு?"

பதில் சட்டப் புத்தகத்தில் இருந்திருக்கலாம். சட்டப் புத்தகம் ரூமுக்குள் இருந்தது.

அன்றே இடமாற்றம் நடந்தது. சாய்வு நாற்காலி போகவில்லை. அதில் டீச்சர் உட்கார்ந்து, கால்களை இயந்திரத்துக்குள் விட்டுக்கொண்டார். வெளியேறியது எடைக்கல் பெட்டி மட்டும்தான். தராசு சார் அதைச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் தள்ளிக்கொண்டு போகும்போது நிலைப்படியில் இடித்துவிட்டது. முத்திரை போட்ட இரும்புக்குள்ளிருந்து ஒரு தேன் குரல் கேட்டது:

"நன்றாகத் தூங்கினீர்களா?"

"எடைக்கல்லுக்கு உங்க மேல ரொம்பப் பாசம்," என்றார் டீச்சர் கண்ணை மூடியபடி.

அழைப்பு மணி அடித்தது. எதிர் வீட்டு டாக்டரம்மா, பல் டாக்டரின் மனைவி.

"டீச்சர், அந்தக் கேமராவைக் கழட்டியாச்சாமே? ஒரு வாரம் எனக்குக் கடன் குடுப்பீங்களா? கூட்டத்துல எங்க வீட்டுக்காரர் நாற்காலி மேல ஏறினதிலேருந்து எனக்கு மனசே சரியில்ல. அப்புறம் ரெண்டாவது மாடி அக்காவும் கேட்டாங்க."

தராசு சார் பாய்ந்து வந்தார். "அது நடக்காது! தீர்மானம் போட்டிருக்கோம். எந்தக் கேமராவும் கூடாது!"

"கேமராதானே கூடாது?" என்றார் டீச்சர் ரூமுக்குள்ளிருந்து. "சோப்புப் பெட்டிக்குத் தீர்மானம் இல்லையே. ஏங்க, ஸ்டூல் அங்கதான இருக்கு? அவங்க வாசல்ல மாட்டிக் குடுத்துட்டு வந்துடுங்க. ஏறி இறங்கி உங்களுக்குத்தான் பழக்கம்."

ரூம் போனவருக்குப் பேச இடம் ஏது? எதிர் வாசலில் ஸ்டூலைப் போட்டு ஏறினார். கதவிடுக்கில் பல் டாக்டரின் ஒரு கண் தெரிந்தது. நீண்ட பெட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே போவதா வெளியே வருவதா என்று தெரியாமல் அவர் தவித்துக்கொண்டிருந்தார். கேமராவுக்குள் ஒன்றும் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டாக்டரம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்ததால் சொல்ல முடியவில்லை. திருகை முறுக்கினார்.

"லைட் எரியுதா பாருங்க," என்று டீச்சரின் குரல் கேட்டது.

பார்த்தார். எரிந்தது. தானே கழற்றி, தானே மோந்து பார்த்து, தானே மாட்டிய அந்தச் சோப்புப் பெட்டியைப் பார்த்து, தராசு சார் தன்னையறியாமல் நல்ல பிள்ளையாகச் சிரித்தார்.