லட்சுமியின் வாரிசு

ஒரு விஷயத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கையெழுத்தைப் படிப்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருபத்து மூன்று வருடமாகத் தமிழாசிரியை. கோழி கிளறிய மாதிரி எழுதும் பிள்ளைகளின் விடைத்தாள்களை மூட்டை மூட்டையாகத் திருத்தியவள். ஒருமுறை டாக்டர் எழுதிய சீட்டை, மருந்துக்கடைக்காரர் கண்ணாடி போடுவதற்குள் நானே படித்துச் சொன்னேன். (தப்பாகத்தான். ஆனால் சத்தமாகச் சொன்னேன்.)

இந்தத் தலைக்கனம் ஒரு நாளில் இறங்கியது. இறங்கிய இடம் ஒரு மாட்டுக் கொட்டம்.

அருப்புக்கோட்டையில் ஒரு வாடகை வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அப்பா எனக்குப் பதினான்கு வயதாகும்போதே போய்விட்டார். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. பெண் பார்க்க வந்தவர்களுக்கு என்னைத் தவிர எல்லாமே பிடித்திருந்தது. (கேசரி அருமை என்று மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள்.) பிறகு வருவது நின்றது. நானும் அம்மாவும் ஒரு டிவி சீரியலைப் பதினொரு வருடம் சேர்ந்து பார்த்தோம். அது முடிவதற்குள் அம்மா முடிந்துவிட்டாள்.

எங்கள் பக்கம் கல்யாணமாகி வந்த பெண் இறந்தால், அவளைத் தூக்குவதற்கு முன் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச்சேலை வர வேண்டும். கோடி என்போம். அன்றைக்குப் பந்தலில் நின்ற பெரியவர் ஒருவர், "பொறந்த வீட்டுக் கோடி வந்துருச்சா?" என்று குரல் கொடுத்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாசலைப் பார்த்தேன், யாரோ வந்துகொண்டிருப்பது மாதிரி. கடைசியில் வீட்டுக்காரம்மா ஓடிப்போய், தனக்கென்று வாங்கி வைத்திருந்த சேலையைக் கொண்டுவந்து போர்த்தினார். அதில் கடை ஸ்டிக்கர் ஒட்டியபடியே இருந்தது. அம்மா அந்த ஸ்டிக்கரோடுதான் போனாள்.

அம்மாவின் பிறந்த வீடு என்று ஒன்று இல்லாமல் போன கதை சின்னது. அம்மாவைப் பெற்றவள் பெயர் லட்சுமி. பிள்ளை பெற்ற வருடமே இறந்துவிட்டாள். அவள் புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டு மில் வேலைக்கு வெளியூர் போய்விட்டார். லட்சுமி வீட்டுச் சொந்தம் அத்தோடு அறுந்தது. அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு வரி: "எம்.ரெட்டியபட்டிக்கு அங்கிட்டு ஏதோ ஒரு ஊரு. எங்க அம்மாவப் பெத்த அய்யா பேரு திருமேனி."

அந்தத் திருச்சுழி வட்டாரத்தில் திருமேனி என்று ஒருவரைத் தேடுவது, பஸ்ஸ்டாண்டில் நின்று "அண்ணே" என்று கூப்பிடுவதுபோல. பத்துப் பேர் திரும்புவார்கள்.

காரியமெல்லாம் முடிந்து, பள்ளிக்கூடமும் விடுமுறை விட்ட பிறகு, வீட்டில் பேச ஆளில்லாமல் நான் பால் பாக்கெட்டின் பின்பக்கம் வரை படிக்க ஆரம்பித்திருந்தேன். அப்படிப் படித்த ஏதோ ஒரு பத்திரிகையில்தான், பூர்வீகம் தேடுபவர்களுக்குப் பழைய உயில்கள் ரொம்ப உதவும் என்று போட்டிருந்தது. பிறப்புப் பதிவு இல்லாத காலத்து ஆட்கள்கூட உயிலில் இருப்பார்களாம். யார் யாருக்குப் பிள்ளை, எந்த மகளை எந்த ஊரில் கொடுத்தார்கள், யார் மேல் பாசம், யார் மேல் கோபம், எல்லாம் வரிசையாக எழுதியிருக்குமாம்.

மறுநாளே பதிவு அலுவலகத்துக்கு எதிரில் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த பத்திர எழுத்தரிடம் போய் நின்றேன்.

"வில்லங்கமா, நகலாம்மா?"

"உயில் நகல் வேணும். எங்க அம்மாவோட அம்மாவோட அப்பா எழுதியிருந்தா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சொத்துல ஏதும் பாத்தியம் இருக்கா?"

"சொத்து வேண்டாம்யா. சொந்தம் இருக்கான்னு பாக்கணும்."

"சொந்தத்துக்கு மனு பாரம் கிடையாதேம்மா" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. மெய்யாகவே வருத்தப்பட்டார்.

ஆனாலும் எழுதிக் கொடுத்தார். உள்ளே, அந்தத் திருமேனி இறந்துபோனதற்குச் சான்று கேட்டார்கள். "அவர் இருந்தால் இப்போது நூற்று இருபது வயதுக்கு மேலே ஆகும். அதுவே சான்றுதானே?" என்றேன். சிரித்துக்கொண்டே, அந்தப் பக்கத்துக் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு கடிதம் வாங்கிவரச் சொன்னார்கள். கடிதத்துக்கும், பெயர் அட்டவணையில் தேடுவதற்கும் அலைந்து அலைந்து, ஒன்றரை மாதத்தில், அட்டவணையில் முதலில் அகப்பட்ட திருமேனியின் உயில், மூன்று பக்க நகலாகக் கைக்கு வந்தது. பழைய புத்தகத்தில் அந்தக்கால எழுத்தர் ஒருவர் வளைத்து வளைத்து எழுதியிருந்த கையெழுத்து. எனக்கா பயம்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

முத்தையா, சுப்பையா என்று இரண்டு மகன்கள். புஞ்சை நிலம், கிணற்றில் பங்கு, செப்பு அண்டா இரண்டு, வண்டி ஒன்று, உழவு மாடு ஒரு ஜோடி. அதற்கு அடுத்த வரியில் இருந்தாள் லட்சுமி.

"நமது குடும்ப லட்சுமியை எக்காரணத்தைக் கொண்டும் விலக்காமல், ஆயுள் உள்ளவரை வீட்டோடு வைத்து, ஜீவனத்துக்குக் குறைவின்றிப் பார்த்து வரவேண்டியது. இதில் தவறினால் என் ஆத்மா சாந்தியடையாது."

நான் அழுதுவிட்டேன். அம்மாவைப் பெற்றவளை ஒருவர் இவ்வளவு பிரியமாக வைத்திருந்திருக்கிறார். அப்புறம் கோபமும் வந்தது. பெற்ற மகளைக் கொண்டுபோய் உழவு மாட்டுக்குக் கீழே எழுதியிருக்கிறாரே! அந்த வரியை அன்று சாயங்காலத்துக்குள் இருபது தடவையாவது படித்திருப்பேன். ஒரு தடவைகூடச் சந்தேகம் வரவில்லை.

அடுத்த வாரம் அம்மாவின் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு (கொளுத்துகிற வெயிலில் பட்டு!), மைசூர்பாகு, காராச்சேவு, ஒரு சீப்பு வாழைப்பழம், உயில் வைத்த பைல் எல்லாவற்றோடும் பஸ் ஏறினேன். எம்.ரெட்டியபட்டியில் இறங்கி, உயிலில் போட்டிருந்த ஊருக்கு ஷேர் ஆட்டோ. ஊர் டீக்கடையில், "திருமேனி வீடு எது?" என்று கேட்டேன்.

"எந்தத் திருமேனி?"

"இறந்துபோயிட்டாரு."

"எல்லாத் திருமேனியும் செத்துட்டாகளேம்மா" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர். மகன் முத்தையா பெயரைச் சொன்னதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். முத்தையாவும் இறந்துவிட்டார், அவர் மகன் வேலுச்சாமி இருக்கிறார் என்றார்கள்.

பட்டுச்சேலையையும் பழத்தையும் பார்த்துவிட்டு வேலுச்சாமியின் மனைவி ராசாத்தி, "வாங்க, வாங்க. எந்த ஊருக் கல்யாணம்?" என்று பாயை விரித்தார். பத்திரிகை கொடுக்க வந்தவள் என்று நினைத்துவிட்டார். வேலுச்சாமிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வசனத்தைச் சொன்னேன். "நான் உங்க தாத்தா திருமேனியோட கொள்ளுப்பேத்தி. இந்த வீட்டு லட்சுமியோட வாரிசு."

பிறகு பெருமையாகப் பைலைத் திறந்து, "உயில்ல இருக்கு" என்றேன்.

வாரிசு, உயில் என்று இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொன்னால் ஒரு வீடு எப்படி மாறும் என்பதை அன்று பார்த்தேன். ராசாத்தி எடுத்துவந்த காபி டம்ளர் நடுவழியில் நின்றது. வேலுச்சாமி எழுந்து வாசலுக்குப் போய்ப் போனில் பேசுவது உள்ளே நன்றாகக் கேட்டது. "வக்கீல் சார், ஒரு பொம்பள உயிலோட வந்திருக்காக... இல்ல சார், எங்களுக்கு அப்படி ஒரு அத்தை இருந்ததே தெரியாது... ஆமா சார், படிச்சவுக மாதிரிதான் இருக்கு... அந்தக் கிணத்துப் புஞ்சையத்தான் சார் மக கல்யாணத்துக்கு வச்சிருக்கேன்."

"ஐயா, எனக்கு நிலம் வேண்டாம்" என்று உள்ளிருந்து கத்தினேன்.

"வேண்டாம்னுதான் சார் சொல்லுறாக. அதான் பயமா இருக்கு" என்றார் போனில்.

எனக்குத் தாங்கவில்லை. வகுப்பில் பின் பெஞ்சுக்குக் கேட்கிற குரல் தானாக வந்துவிட்டது. "நிலத்துக்கா வந்தேன்? ஒரு பொம்பளப் பிள்ளைய உழவு மாட்டுக்குக் கீழ எழுதி வச்சிருக்காக. அதையாச்சும் நீங்க யாராவது கேட்டீங்களா? அவளைத் தேடி இத்தனை வருசத்துல ஒருத்தராச்சும் வந்தீங்களா?" என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். ராசாத்தி குற்றவாளிபோலத் தலை குனிந்து நின்றார். பக்கத்து வீட்டிலிருந்து நாலு பேர் சுவர் மேலாக எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் சேர்த்துப் பேசினேன்.

அதற்குள் தகவல் தெரிந்து அடுத்த தெருவிலிருந்து வேலுச்சாமியின் அக்கா பேச்சியம்மாள் வந்துவிட்டார். எண்பதை நெருங்கும் வயது. என் பக்கத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்து, "வாசி தாயி, கேப்போம்" என்றார்.

ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். 'விலக்காமல்' வரும்போது குரல் உடைந்தது. 'ஜீவனத்துக்கு' வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பேச்சியம்மாள் என் கையிலிருந்த தாளை விரலால் தட்டினார். "தாயி, விலக்காமலா? விக்காமன்னு இருக்கானு பாரு."

பார்த்தேன்.

"அந்த ஜீவனத்துக்கு... அது தீவனத்துக்கு இல்ல?"

பார்த்தேன். விற்காமல். தீவனத்துக்கு. சுழி சுழியாக, சுத்தமாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி இருந்தது.

"லட்சுமி எங்க வீட்டுப் பசுமாடு தாயி" என்றார் பேச்சியம்மாள். "நெத்தியில வெள்ளை இருக்கும். நான் சின்னப் பிள்ளையா இருக்கயில செத்துச்சு. அதுக்கு முன்னாடியே வத்திப் போச்சு, பாலு கிடையாது. எங்க அப்பா புலம்பாத நாளு இல்ல. எங்க அய்யா உயிலு எழுதி மாட்ட என் தலையில கட்டிட்டாரேன்னு. எங்க தாத்தா திருமேனிக்குப் பொம்பளப் பிள்ளையே கிடையாது."

சுவருக்கு மேல் எட்டிப் பார்த்த நாலு பேரில் ஒருவர் களுக்கென்றார். அவ்வளவுதான். ராசாத்தி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். வேலுச்சாமி சிரித்துக்கொண்டே மறுபடி போனை எடுத்தார். "சார், நீங்க வர வேணாம் சார். மாடு சார்... இல்ல சார், அவுக மாடு இல்ல, லட்சுமிதான் மாடு."

நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது. கோடிச் சேலை வராததையும், போர்த்திய சேலையில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததையும், இந்தத் திருமேனி இல்லையென்றால் இனி எந்தத் திருமேனியிடம் போவது என்று தெரியாததையும் மூக்கைச் சிந்திச் சிந்தி முன்பின் தெரியாத அந்த வீட்டில் கொட்டித் தீர்த்தேன்.

பேச்சியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார். "இம்புட்டு நாளா இதக் கையில வச்சிருந்தியே, யாருக்கும் வாசிச்சுக் காட்டலையா தாயி?"

இல்லை என்று தலையாட்டினேன். பக்கத்தில் ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால், காய் நறுக்கிக்கொண்டே காதில் வாங்கியிருந்தால்கூட, "ஏடி, இது மாடுடி" என்று சொல்லியிருப்பார்கள். அம்மா நிச்சயம் சொல்லியிருப்பாள்.

சாப்பிடாமல் போகக் கூடாது என்று ராசாத்தி கம்பங்கூழும் வெங்காயமும் வைத்தார். பட்டுச்சேலைக்கு ஆகாது என்று தன்னுடைய ஒரு நூல்சேலையையும் கொடுத்தார். சாப்பிட்டதும் வேலுச்சாமி, "வாங்க, உங்க ஆளுகளக் காட்டுறேன்" என்று பின்னால் கொட்டத்துக்குக் கூட்டிப்போனார். இரண்டு பசுக்கள் நின்றன. "லட்சுமி வழிதான். இது எத்தனையாவது தலைமுறைன்னு எனக்குத் தெரியாது. நீங்க வேணும்னா உயிலு எடுத்துப் பாருங்க." அதில் சின்னது என் கையை நக்கியது. நாக்கு அரம்போல இருந்தது. கையை எடுக்க மனம் வராமல் அப்படியே நின்றேன்.

என் லட்சுமி கிடைக்கவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு திருமேனிகளின் உயில்களுக்கு மனுப் போட்டேன். ஒருவருக்கு மகள் இல்லை. இன்னொருவருக்கு நாலு மகள்கள். நாலு பேரையும் 'கல்யாணம் செய்து கொடுத்துவிட்ட பெண்மக்கள்' என்று ஒரே வரியில் முடித்திருந்தார். பெயர்கூட இல்லை. அதில் ஒருத்தி அவளாக இருக்கலாம். இனி அதைக் கேட்க ஆளில்லை.

ஆனால் மாட்டுப் பொங்கலன்று காலையில் மட்டும் எனக்கு ஒரு போன் வரும். "என்ன டீச்சரு, லட்சுமிக்குப் பொங்க வச்சாச்சு. வாரிசு வராம எப்படிப் படைக்க? கிளம்பி வாங்க" என்பார் வேலுச்சாமி. பின்னால் வீடே சிரிப்பது கேட்கும். மற்ற நாள்களில் அந்தப் போன் பெரும்பாலும் வருவதில்லை. அவர்களுக்கும் ஆயிரம் ஜோலி.

போன வருடம் அவர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பாலவனத்தம் பக்கம். மண்டபத்தில் சம்பந்தக்காரர்கள் முன்னால் என்னைக் கூட்டிப்போய் நிறுத்தி, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல், "இவுக எங்க லட்சுமி வழி" என்றார். பேச்சியம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. "அப்படியா, பெரிய அத்தை வழியா?" என்று என் கையைப் பிடித்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். பொண்ணு மாப்பிள்ளையை என் காலில் விழச் சொன்னார்.

நான் திருநீறு பூசிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் இன்றுவரை யாரும் உண்மையைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.