புதுக் கம்ப்யூட்டரில் திறக்காத புரோகிராம்

உயிரே போனாலும் பின்னறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டார், கட்டட வரைபடம் போட்டுப் பிழைக்கும் அந்த மனிதர். வீட்டில் அவர் கதவைச் சாத்திக்கொள்ள முடிந்த ஒரே இடம் அதுதான். பழைய கம்ப்யூட்டரை ஓடவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, மதியம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்ப்பார். மனைவிக்கோ அந்த அறையில் தையல் வகுப்பு தொடங்க ஆசை. அதற்காகவே புதுக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, ஹாலில் சமையலறைக்கு நேர் எதிரே வைத்துவிட்டாள்.

அவர் அசரவில்லை. துக்க வீட்டு முகத்தோடு அவளை அழைத்துக் காட்டினார். வரைபட புரோகிராமைத் தட்டியதும், இந்தக் கம்ப்யூட்டரில் இது இயங்காது என்று திரை சொன்னது.

"பாத்தியா? இந்தப் புரோகிராம் ரொம்பப் பழசு. புதுசுல ஓடாது. பழைய கம்ப்யூட்டர் இருந்துதான் ஆகணும்."

"அது இருக்கணும்னா ரூமும் இருக்கணும்."

"என்ன பண்றது, தொழிலாச்சே."

"சரிங்க."

அந்தச் 'சரிங்க'வுக்குப் பிறகு எந்தப் புருஷனும் நிம்மதியாகத் தூங்கியதில்லை. இவர் தூங்கினார், அதுவும் பின்னறையில்.

மறுநாள் வெளிவேலை முடிந்து வந்தால், ஹால் திரையில் அவர் வரைந்த மாடிப்படி விரிந்து கிடந்தது. இந்த முறை துக்க வீட்டு முகம் தானாகவே வந்தது.

"யாரு வந்து பண்ணது?"

"யாரும் வரல. ரைட் கிளிக் பண்ணேன். பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடந்துக்கோன்னு சொல்ல ஒரு இடம் இருக்கு. அங்க ஒரு டிக் போட்டேன்."

"திறக்கும். பிரிண்ட் வராது."

"எடுத்து மேஜை மேல வச்சிருக்கேன், பாருங்க."

பார்த்தார். ஒரு கோடு பிசகவில்லை.

"பழைய இடத்துலதான் இருக்கோம்னு அந்தப் புரோகிராமை நம்ப வச்சிருக்கே. இப்படிப் பொய் சொல்லி எத்தனை நாளைக்கு ஓட்டுவே?"

அவள் அவரைப் பிரியமாகத்தான் பார்த்தாள்.

"வீட்டுல எல்லாம் உங்க முடிவுதான்னு சொல்லிச் சொல்லியே, கல்யாணமான நாள்லேர்ந்து உங்கள ஓட்டிக்கிட்டு வரேன். ஒரு நாளாவது நின்னுருக்கீங்களா?"

அவர் பிரிண்டை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"அதை விடுங்க. தையல் மெஷினைப் பின்னறையில எங்க போடலாம்? நீங்கதான் சொல்லணும்."

அவர் வெகுநேரம் யோசித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஜன்னல் பக்கமா போடு."

மெஷின் காலையிலேயே அங்கே போயிருந்தது.